இலயாவின் இரண்டு பட்டியல்கள்

மரிலூ: இன்னும் எத்தன ஊரு பாக்கி?

ரோடெல்: நாலு.

மரிலூ: நாலா? காலைல எட்டு மணிக்கு உக்காந்தவன்டா நீ. இப்ப மணி ரெண்டு.

ரோடெல்: தெரியும் டீச்சர்.

மரிலூ: நாலு மணிக்கு கோயில்லேந்து ஆள் வந்துடும். இன்னிக்கி செத்தவங்களுக்கு ஒம்பதாம் நாள். ஃபாதர் பூசையில எல்லா பேரையும் ஊர் ஊரா வாசிக்கணும்னு காத்துக்கிட்டிருக்கார். நீ என்னடான்னா ஒரு விரலால...

ரோடெல்: ரெண்டு விரல்.

மரிலூ: பெரிய சாமர்த்தியம். முனிசிபல் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கற ஆளு, மண்ணுலேந்து எடுத்தவங்க லிஸ்ட் ஒண்ணு, ஆஸ்பத்திரியில செத்தவங்க லிஸ்ட் ஒண்ணு, ரெண்டையும் வச்சிக்கிட்டு கையால காப்பி அடிக்குது. என்கிட்ட கம்ப்யூட்டர் படிக்கற எட்டாம் வகுப்புப் பசங்க பாத்தா சிரிப்பாங்க.

ரோடெல்: சிரிக்கட்டும்.

மரிலூ: சாப்டியா?

ரோடெல்: பசிக்கல.

மரிலூ: கருவாடும் சோறும் இருக்கு. காலைல நெஸ்டோருக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன இஞ்சிக் கஞ்சியும் மிச்சம் இருக்கு. ரெண்டு வாய் போட்டுக்கோ.

ரோடெல்: உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?

மரிலூ: கால்ல கம்பி வச்சிருக்காங்க. வலி தாங்கல, எல்லாரையும் திட்டறார். நர்சத் திட்டறார், என்னத் திட்டறார், கஞ்சியில உப்பு இல்லன்னு கஞ்சியத் திட்டறார்.

ரோடெல்: திட்டட்டும். இருக்காரே.

மரிலூ: ...ம்.

ரோடெல்: நாலு நாள் மண்ணுக்குள்ள இருந்துட்டு உப்பு கேக்கறார். கேட்டுட்டுப் போகட்டும் டீச்சர்.

மரிலூ: எந்திரி. நான் அடிக்கறேன். ஜெனரேட்டர்ல எண்ணெய் தீந்துடுச்சுன்னா பிரிண்டரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

ரோடெல்: வேணாம்.

மரிலூ: எந்திரிடான்னா...

ரோடெல்: கிட்ட வராதீங்க! தொடாதீங்க!

மரிலூ: சரி, சரி, தொடல.

ரோடெல்: மன்னிச்சுக்கங்க டீச்சர். கத்தணும்னு கத்தல.

மரிலூ: என்னடா ஆச்சு உனக்கு? நேத்துலேந்து ஒரு மாதிரி இருக்க. உங்கம்மா என்கிட்ட வந்து சொல்லிச்சு, பையன் ராத்திரி சோத்துத் தட்டு முன்னால உக்காந்து அழறான்னு.

ரோடெல்: ஊரே அழுவுது.

மரிலூ: ஊரு அழட்டும். உன் வீட்ல யாரும் போகலியே.

ரோடெல்: அதான் டீச்சர். என் வீட்ல யாரும் போகல. அதான் இன்னும் கேவலமா இருக்கு.

மரிலூ: என்ன உளர்ற?

ரோடெல்: கதவ சாத்தறீங்களா?

மரிலூ: சாத்தியாச்சு. சொல்லு.

ரோடெல்: மல சரிஞ்சது ஞாயித்துக்கிழமை. மறுநாள் காலைல பட்டாளத்துக்காரங்க வந்து இறங்கினாங்க. யாரு யாரு காணோம், எந்த ஊர்ல காணோம், ஒரே தாள்ல எழுதிக் குடுன்னு சார்ஜென்ட் என் மேஜையில வந்து குத்தினார்.

மரிலூ: ம்.

ரோடெல்: காணோம்னு சொல்ல வந்தவங்க ரெண்டு இடத்துல போய் சொல்லியிருந்தாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க மாதா கோயில்ல. இந்தப் பக்கம் இருந்தவங்க பள்ளிக்கூடத்துல, உங்ககிட்ட.

மரிலூ: ஆமா. நான்தான் எழுதினேன். பென் டிரைவ்ல போட்டு உன்கிட்ட அனுப்பிச்சேன்.

ரோடெல்: நீங்க அனுப்பினதும் சரியா இருந்துச்சு. கோயில்லேந்து உபதேசியார் அனுப்பினதும் சரியா இருந்துச்சு. ரெண்டையும் புரோகிராம்ல டிக்‌ஷனரியா எடுத்துக்கிட்டேன். ஊர்ப் பேருதான் கீ, தலைப்பு மாதிரி. அந்தக் கீ-க்குள்ள அந்த ஊர்ல காணாமப் போனவங்க பேருங்க.

மரிலூ: சரிதானே. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்.

ரோடெல்: ரெண்டு டிக்‌ஷனரியையும் சேக்கணும். சார்ஜென்ட் தலைக்கு மேல நின்னுக்கிட்டு 'என்னாச்சு, என்னாச்சு'ங்கறார். வெளிய லாரி உறுமுது. ஒரு வரி அடிச்சேன் டீச்சர். ஒரே வரி. இந்தப் பக்கம் கோயில் லிஸ்ட், அந்தப் பக்கம் பள்ளிக்கூட லிஸ்ட், நடுவுல ஒரு செங்குத்துக் கோடு. தாள் வந்துச்சு. குடுத்துட்டேன். 'சபாஷ்'னு முதுகுல தட்டினார். எனக்குப் பெரும. இப்ப நெனச்சா அந்த இடத்துத் தோலையே உரிச்சுப் போடலாம் போல இருக்கு.

மரிலூ: ரோடெல்...

ரோடெல்: நீங்கதானே சொல்லிக்குடுப்பீங்க பிள்ளைங்களுக்கு. அந்தக் கோடு போட்டா என்ன ஆகும்? சொல்லுங்க.

மரிலூ: விடு.

ரோடெல்: ரெண்டு டிக்‌ஷனரியிலயும் ஒரே கீ இருந்தா என்ன ஆகும்?

மரிலூ: வலப்பக்கம் இருக்கறது நிக்கும்.

ரோடெல்: இடப்பக்கம்?

மரிலூ: போயிடும்.

ரோடெல்: போயிடும்! சேராது. போயிடும். ஒரு சத்தம் கிடையாது, ஒரு எச்சரிக்கை கிடையாது. தப்புன்னு ஒரு செவப்பு எழுத்து வராது. தாள் பாக்க அவ்ளோ அழகா இருக்கும்.

மரிலூ: ஆனா... ஒரு ஊர்க்காரங்க ஒரே இடத்துலதானே போய் சொல்லியிருப்பாங்க? பாலம்தான் போயிடுச்சே.

ரோடெல்: எல்லா ஊரும் அப்படித்தான். ஒரே ஒரு ஊரத் தவிர. எந்த ஊரு நடுவுல ஆறு ஓடுது?

மரிலூ: இலயா.

ரோடெல்: இலயாவுல கீழ்க்கரைக்காரங்க, மேல்கரைக்குப் போய் மாட்டிக்கிட்ட தங்க ஆளுங்க ரெண்டு பேர உங்ககிட்ட வந்து சொன்னாங்க. மேல்கரைக்காரங்க கோயில்ல அஞ்சு பேரு சொன்னாங்க. மொத்தம் ஏழு. என் தாள்ல இலயாவுக்கு எதிர்க்க ரெண்டு பேரு. ரெண்டே ரெண்டு.

மரிலூ: மாதாவே.

ரோடெல்: செவ்வாக்கிழமை காலைல மெஷினோட போனாங்க. அந்த ரெண்டு பேரையும் எடுத்தாங்க. தாள்ல ரெண்டு கோடு அடிச்சாங்க. ஒரு ஊரு முடிஞ்சா மூங்கில்ல வெள்ளத் துணி கட்டி நட்டுட்டுப் போவாங்க தெரியுமில்ல... நட்டுட்டாங்க. அந்த மூங்கிலுக்கு நாப்பது அடி மேல அஞ்சு பேரு கிடக்கறாங்க டீச்சர்.

மரிலூ: மேல்கரைக்காரங்க ஒருத்தரும் கேக்கலியா?

ரோடெல்: மிச்சம் இருந்தவங்கள திங்கக்கிழமையே ஹெலிகாப்டர்ல டவுனுக்குக் கொண்டு போயிட்டாங்க. பெலிசா அக்கா தலையில அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்துச்சு. முந்தாநேத்து திரும்பி வந்து, 'எங்க வீட்டுக்காரர எங்க வச்சிருக்கீங்க'ன்னு கேட்டுச்சு. அப்பத்தான் எல்லாரும் முழிச்சாங்க. நேத்து தோண்டினாங்க. அஞ்சு பேரும் இருந்தாங்க.

மரிலூ: நீ எப்ப கண்டுபிடிச்ச?

ரோடெல்: நேத்து மத்தியானம். அஞ்சு பேரையும் தூக்கிட்டு வர்றாங்க, நான் கீழ நின்னு பேரு எழுதறேன். எழுதிட்டு பழைய தாள எடுத்துப் பாத்தேன். இல்ல. கோயில் லிஸ்ட எடுத்துப் பாத்தேன். இருக்கு. அப்ப புரிஞ்சிடுச்சு.

மரிலூ: யார்கிட்டயாவது சொன்னியா?

ரோடெல்: உங்ககிட்டதான் மொதல்ல.

மரிலூ: நல்லது. இதோட நிறுத்திக்கோ.

ரோடெல்: என்னது?

மரிலூ: இதோட நிறுத்துங்கறேன். கேளு. நீ வேணும்னு செஞ்சியா? இல்ல. ராத்திரி முழுக்கத் தூங்காம இருந்த. துப்பாக்கிக்காரன் ஒருத்தன் தலைக்கு மேல நிக்கறான். எவனா இருந்தாலும் இதே தப்பு செஞ்சிருப்பான்.

ரோடெல்: நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க. கூட்டிப் பாத்திருப்பீங்க.

மரிலூ: ...அதெல்லாம் சொல்ல முடியாது.

ரோடெல்: கோயில்ல நாப்பத்தி நாலு, பள்ளிக்கூடத்துல பத்தொம்பது. கூட்டினா அறுபத்தி மூணு வரணும். ஒண்ணாம் வகுப்புக் கணக்கு. நான் பாக்கவே இல்ல.

மரிலூ: பாத்திருந்தாலும் செத்துதான் போயிருப்பாங்க. மல முழுக்க மேல விழுந்திருக்குடா. ஞாயித்துக்கிழமையே போயிருப்பாங்க.

ரோடெல்: போகல.

மரிலூ: என்ன?

ரோடெல்: எல்லாரும் ஞாயித்துக்கிழமை போகல. டாக்டர் என்கிட்ட சொன்னார்... இருங்க, யாரோ கதவத் தட்டறாங்க.

மரிலூ: கோயில் ஆளா? அதுக்குள்ளவா? யாரு?

பெலிசா: நான்தான் டீச்சர். பெலிசா. உள்ள வரலாமா?

மரிலூ: ஐயோ... வா பெலிசா, வா. இப்படி உக்காரு. தலையில கட்டோட ஏன் இந்த வெயில்ல நடந்து வர்ற?

பெலிசா: பந்தல்ல எல்லாரும் பூசைக்கு வர்றவங்களுக்காக சூமான் பலகாரம் இலையில கட்டிக்கிட்டிருக்காங்க. என்னை ஒரு வேல செய்ய விட மாட்டேங்கறாங்க. சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் பிடிக்குது. அதான் வந்தேன். தம்பி ரோடெல், நீதான் பேரு எழுதறியாம்.

ரோடெல்: ஆமாக்கா.

பெலிசா: எங்க வீட்டு ஆளுங்க பேரு சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு.

ரோடெல்: இருக்குக்கா. அமாண்டோ. ஜோவின். ரிக்கா. பக்கத்து வீட்டு இசிட்ரோ, அவங்க சம்சாரம் லோலிங்.

பெலிசா: ரிக்காவுக்கு முழுப் பேரு ஃபெடெரிக்கா. ஃபாதர் ஞானஸ்நானத்துல வச்சது. அதப் போடறியா? கடவுள் முன்னால வாசிக்கறப்ப முழுப் பேரு இருக்கட்டும்.

ரோடெல்: போட்டுட்டேன்க்கா.

பெலிசா: இவ்ளோ வேகமா? நல்லா இரு தம்பி. எல்லாரும் சொல்றாங்க, இந்தப் பையன் எட்டு நாளா வீட்டுக்கே போகாம பேரு எழுதினான்னு.

ரோடெல்: அப்படியெல்லாம் இல்லக்கா...

மரிலூ: தண்ணி குடிக்கறியா பெலிசா?

பெலிசா: வேணாம் டீச்சர். உங்க வீட்டுக்காரர் எப்படி?

மரிலூ: இருக்கார்.

பெலிசா: மாதா புண்ணியம். உங்களுக்காவது கிடைச்சாரே. நான் ஆஸ்பத்திரியில கேள்விப்பட்டு சந்தோஷப்பட்டேன். நெசமா. பாக்டோல் ஊர்ல ஒருத்தர் உசுரோட கிடைச்சார்னா எங்க ஆளுங்களும் கிடைப்பாங்கன்னு நெனச்சேன். ஒம்பது நாளைக்கி வீடு பெருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. பெருக்கறதுக்கு வீடு எங்க டீச்சர் இருக்கு? அண்ணன் வீட்ல படுத்திருக்கேன். அவங்க எனக்காகப் பெருக்காம வச்சிருக்காங்க. எனக்கு வெக்கமா இருக்கு.

மரிலூ: அதெல்லாம் நெனைக்காத.

பெலிசா: என்னோட தப்பு டீச்சர் எல்லாம்.

ரோடெல்: என்னதுக்கா உங்க தப்பு?

பெலிசா: கோயில்ல போய் நான்தானே பேரு குடுத்தேன். தலையிலேந்து ரத்தம் ஊத்துது, கண்ணு இருட்டுது. நான் பேரு சொன்னதா நெனச்சேன். சொல்லவே இல்ல போல இருக்கு. இல்லன்னா வாய்க்குள்ளயே முணுமுணுத்திருப்பேன், அவங்க காதுல விழுந்திருக்காது. இல்லன்னா எப்படி தாள்ல இல்லாமப் போகும்?

ரோடெல்: இல்லக்கா, நீங்க...

மரிலூ: ரோடெல், பிரிண்டர்ல தாள் இருக்கா பாரு.

பெலிசா: மாமியார் அப்படித்தான் சொல்றாங்க. 'பெத்தவ ஒழுங்காப் பேரு குடுத்திருந்தா தேடியிருப்பாங்க'ன்னு. எல்லார் முன்னாலயும் சொல்றாங்க. அவங்களுக்கு மகன் போயிட்டான், என்ன சொல்ல? சரிதானே அவங்க சொல்றது. சத்தமா சொல்லியிருக்கணும். ஒவ்வொரு பேரா, சத்தமா.

ரோடெல்: அக்கா...

மரிலூ: பெலிசா, நீ போய்க் கொஞ்சம் படு. பூசைக்கு முன்னால நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.

பெலிசா: சமையக்கட்டுலதான் இருந்தாங்களாம் மூணு பேரும். உத்தரம் குறுக்க விழுந்து ஒரு பொந்து மாதிரி ஆயிருந்துச்சாம். இவர் உடனே போயிட்டாராம். பிள்ளைங்க... டாக்டர் எனக்கு சொல்லல, அண்ணன்கிட்ட சொன்னாராம். நான் திண்ணைக்கு... இல்ல, பந்தலுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டேன். வியாழக்கிழமை வரைக்கும் இருந்திருக்காங்களாம். வாயில பச்சரிசி இருந்துச்சாம். பான கிட்டயே கிடந்துச்சு போல. ஜோவின்தான் எடுத்துக் குடுத்திருப்பான். அவன் அப்படித்தான், தங்கச்சிக்குக் குடுத்துட்டுதான் தின்னுவான்.

மரிலூ: பெலிசா... போதும்மா.

பெலிசா: வர்றேன் டீச்சர். தம்பி, நீயே வாசிக்கறியா? ஃபாதர் வயசானவர், பேரத் தப்பா வாசிச்சிடுவார். எங்க வீட்டுப் பேர் மட்டுமாவது நீ வாசி. சத்தமா வாசி.

ரோடெல்: ...வாசிக்கறேன்க்கா.

பெலிசா: நல்லா இரு.

மரிலூ: பாத்துப் போ. படியில சேறு இருக்கு... போயிட்டா.

ரோடெல்: பாத்தீங்களா? கேட்டீங்களா?

மரிலூ: கேட்டேன்.

ரோடெல்: தன் மேலயே பழிய போட்டுக்கிட்டிருக்கு அந்த மனுஷி. மாமியார் எல்லார் முன்னாலயும் ஏசுது. உபதேசியார் தாள்ல அந்தக்கா குடுத்த அஞ்சு பேரும் தெளிவா இருக்கு டீச்சர், ஒரு எழுத்து பிசகல. மண்ட ஒடஞ்சு ரத்தம் வழிய நின்னுக்கிட்டு பக்கத்து வீட்டுக்காரங்க பேரையும் சேத்துக் குடுத்திருக்கு. நான் அழிச்சேன்.

மரிலூ: மெதுவாப் பேசு.

ரோடெல்: நான் இன்னிக்கி சொல்லப் போறேன்.

மரிலூ: எங்க?

ரோடெல்: பூசையில. அந்த அஞ்சு பேர வாசிச்சு முடிச்சதும், அங்கயே நின்னு சொல்லப் போறேன். 'பெலிசா அக்கா பேரு குடுத்தாங்க, நான் தொலச்சேன்'னு.

மரிலூ: பைத்தியமா உனக்கு? இசிட்ரோ தம்பிங்க ரெண்டு பேரு இருக்கானுங்க. தேங்கா வெட்டற அரிவாள் இடுப்புலேந்து எறங்காது. கோயில் வாசல்லயே போட்டுடுவானுங்க.

ரோடெல்: போடட்டும்.

மரிலூ: வசனம் பேசாத. உங்கம்மாவ யாரு பாப்பா? ஆபீஸ்ல விட்டு வைப்பாங்களா? மேயரே உன்னைப் பிடிச்சுக் குடுப்பார், தன் தலைக்கு வந்தது உன் தலையோட போச்சுன்னு. பட்டாளம் கைய விரிக்கும். ஆயுசு முழுக்க உன்னப் பாத்து எச்சில் துப்புவாங்க.

ரோடெல்: அதுக்காக பெலிசா அக்காமேல துப்பலாமா?

மரிலூ: நான் பேசறேன் அந்த மாமியார்கிட்ட. உபதேசியார் தொலச்சுட்டார், மழையில தாள் நனஞ்சுடுச்சு, ஏதாவது சொல்லிக்கலாம்.

ரோடெல்: உபதேசியார் தலையில போடச் சொல்றீங்களா? நீங்களா டீச்சர் இப்படிப் பேசறது?

மரிலூ: யார் தலையிலயும் போட வேணாம். தானா நடந்துடுச்சுன்னு விட்டுடலாம். சொல்லி என்ன ஆகப் போவுது? அந்தப் பிள்ளைங்க எந்திரிச்சு வருமா?

ரோடெல்: வராது.

மரிலூ: அப்புறம்?

ரோடெல்: அந்தக்கா இன்னிக்கி ராத்திரி படுக்கறப்ப, 'நான் சத்தமா சொல்லல'ன்னு நெனச்சுக்கிட்டுப் படுக்கக் கூடாது. எனக்கு அது போதும்.

மரிலூ: உனக்கு நெஞ்சு லேசாகணும். அதுக்கு அவளுக்கு இன்னொரு இடியா? இப்ப கடவுள் செயல்னு அழறா. நீ சொல்லிட்டா, ஒரு கோடு தப்பாப் போட்டதுக்கு என் பிள்ளைங்க பச்சரிசி தின்னுட்டு செத்துச்சான்னு அழுவா. எது நல்லது? யோசி.

ரோடெல்: கடவுள் செயல்னு எங்க அழுவுது? என் தப்புன்னு அழுவுது. இப்பதானே கேட்டீங்க! நேத்துலேந்து கணக்குப் போட்டுக்கிட்டிருக்கேன். செவ்வாக்கிழமை காலைல மெஷின் இலயாவுலதான் நின்னுச்சு. அங்கயே இன்னும் நாப்பது அடி. சாயங்காலத்துக்குள்ள எடுத்திருக்கலாம். சரி, அது போச்சு. மத்தியானம் மெஷின் ஆத்துல இறங்கி பாக்டோலுக்கு வந்துச்சு. அப்பக்கூட யாராவது வந்து, 'ரோடெல், கணக்கு ஒதைக்குதே, அஞ்சு பேரு குறையுதே'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஓடிப் போய் திருப்பியிருப்பேன். புதன்கிழமை திருப்பியிருந்தாலும் பிள்ளைங்க உசுரோட இருந்திருக்கும்.

மரிலூ: ஒரே மெஷின்தானேடா. அத திருப்பியிருந்தா பாக்டோல்ல இருந்தவங்க?

ரோடெல்: தெரியல. அது என் கையில இல்ல. சார்ஜென்ட் முடிவு பண்ணியிருப்பார். ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கணுமில்ல, மேல அஞ்சு பேரு இருக்காங்கன்னு? அதச் சொல்றதுதானே என் வேல?

மரிலூ: நெஸ்டோர் பாக்டோல்ல புதன்கிழமை சாயங்காலம்தான் கிடைச்சார்.

ரோடெல்: தெரியும். ஐயோ, நெஸ்டோர் அண்ணனுக்கு பதிலா அவங்கன்னு நான் சொல்ல வரல டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க. சத்தியமா அப்படி நெனைக்கல.

மரிலூ: நீ நெனைக்க மாட்ட.

ரோடெல்: அழறீங்களா? என்னால உங்களையும் அழ வச்சுட்டேன். விடுங்க. இந்தாங்க, முடிஞ்சுது. கடைசி ஊரும் அடிச்சுட்டேன். பிரிண்ட் போடறேன்.

மரிலூ: எண்ணிப் பாத்தியா?

ரோடெல்: மூணு தடவ. ஒவ்வொரு பேரா வெரல் வச்சு எண்ணினேன். சரியா இருக்கு. வெளிய பாருங்க, கோயில் ஆள் வந்துட்டான் போல.

மரிலூ: அவன் நிக்கட்டும். ரோடெல், கடைசியாக் கேக்கறேன். சொல்லாம இருக்க மாட்டியா?

ரோடெல்: மாட்டேன் டீச்சர். பயமாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா? நான் சொல்றப்ப என் பக்கத்துல வந்து நில்லுங்க. பேச வேணாம், சும்மா நின்னா போதும். இந்த ஊர்ல உங்க மேல எல்லாருக்கும் மரியாத இருக்கு. 'இவன் ஒருத்தன் செஞ்ச தப்பு, வேற யாருக்கும் தெரியாது'ன்னு நீங்க பக்கத்துல நின்னா நம்புவாங்க. யாருக்குமே தெரியாதுங்கறதுதான் டீச்சர் எனக்கு இருக்கற ஒரே ஆறுதல். தெரிஞ்சும் ஒருத்தர் சும்மா இருந்தாங்கன்னா, அத அந்தக்கா தாங்காது.

மரிலூ: செவ்வாக்கிழமை மத்தியானம் அந்தத் தாளப் பள்ளிக்கூடச் சுவத்துல ஒட்டினாங்கடா. நெஸ்டோர் பேரு இருக்கான்னு பாக்கப் போனேன். பழக்க தோஷம், மொத்தத்தையும் எண்ணிட்டேன். அம்பத்தெட்டு. கோயில் லிஸ்ட் எத்தனன்னு உபதேசியார் காலைலயே என்கிட்ட சொல்லியிருந்தார். அஞ்சு குறைஞ்சுது. இலயாவுக்கு எதிர்க்க நான் எழுதின ரெண்டு பேரு மட்டும் நின்னுச்சு, பாத்த ஒடனே புரிஞ்சிடுச்சு. உன் ஆபீசுக்கு ஓடி வந்தேன். பாதி வழியில மெஷின் ஆத்த விட்டு ஏறி பாக்டோல் பக்கம் திரும்பறது தெரிஞ்சுது... நான் சொன்னா அது திரும்பிப் போயிடும். அங்கயே நின்னேன். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டேன்.